பயன்பாட்டில் இரண்டு

கெமி துறைமுகம், பிப்ரவரி.
பனியுடைக்கும் கப்பலின் அடித்தளத்தில்
இரண்டு மேசை, ஒரு ஹீட்டர்.
ஹீட்டர் சோய்லியின் பக்கம்.

அவள் எழுதிய மாட்யூல்
கப்பலடியில் பனி எத்தனை அங்குலம் என்று சொல்லும்.
நான் எழுதியது
சுழலி எவ்வளவு திணறுகிறது என்று சொல்லும்.
ஒரே கெர்னலுக்குள்தான் இரண்டும் குடியிருந்தன.
ஒன்றின் பேச்சு மற்றதன் காதில் விழுந்ததில்லை.

அன்று அவளுடைய ஃபங்ஷன் ஒன்றை
என் நிரலில் பெயர் சொல்லி அழைத்தேன்.
கம்பைலர் முணுமுணுத்தது; நான் பொருட்படுத்தவில்லை.
ஏற்றியபோது கெர்னல் கையை விரித்தது:
பனித்_தடிமனா? அப்படி யாரையும் தெரியாது.
பிழை, கழித்தல் இரண்டு.

தெரியாதா?
இரண்டரை மீட்டர் தள்ளி உட்கார்ந்து
கம்பு ரொட்டி தின்றுகொண்டிருக்கிறாள்.

'நான் அதை வெளியே விடவில்லை, பென்த்தி'
என்றாள், வாயைத் துடைத்துக்கொண்டு.
'எழுதியதெல்லாம் ஊருக்கு என்று யார் சொன்னது?
நீ கேட்கவே இல்லையே.'

கேட்டேன்.
ஃபங்ஷனுக்குக் கீழே ஒரு வரி சேர்த்தாள்.
எக்ஸ்போர்ட் என்று தொடங்கி
அரைப்புள்ளியில் முடிகிற வரி.
அவ்வளவுதான்.
அடுத்த நொடி என் திரையில்
நாற்பத்தொரு சென்டிமீட்டர் பனி.

ஒரு வாரம் நன்றாகப் போயிற்று.
பிறகு அவளுக்கு என்னுடையது தேவைப்பட்டது.
சுழலி திணறும்போது
அவளுடைய ஒலியலையில் குப்பை சேர்கிறதாம்;
எப்போது திணறுகிறது என்று முன்கூட்டியே தெரிந்தால்
அந்த அளவுகளைத் தள்ளிவிடலாம்.
நியாயம்தான். நானும் ஒரு வரி சேர்த்தேன்.

அன்றிரவு இரண்டுமே ஏறவில்லை.
அவள் வந்தால்தான் நான் வருவேன்,
நான் வந்தால்தான் அவள்.
'வட்டம் இருக்கிறது' என்று
ஒரே வரியில் முடித்துக்கொண்டது டெப்மாட்.
வாசலில் நின்று
நீ முந்தி நீ முந்தி என்று உபசரித்தே
இருவரும் குளிரில் விறைத்துப்போன மாதிரி.

யாராவது ஒருவர் கொடுத்ததைத் திரும்ப வாங்க வேண்டும்.
நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.
அவள் ஹீட்டரைக் காலால் நகர்த்தினாள்,
என் பக்கமும் இல்லை அவள் பக்கமும் இல்லாத
ஓர் இடத்துக்கு.
'மூன்றாவதாக ஒன்று எழுதலாம்' என்றாள்.

அறுபது வரிகூட இல்லை.
அதற்குப் பனியும் தெரியாது, சுழலியும் தெரியாது.
வந்தவர் தன் எண்ணை எழுதி வைக்கலாம்,
வேண்டியவர் வாசித்துக்கொள்ளலாம்.
யாரும் எழுதவில்லையென்றால்
இல்லை என்று மரியாதையாகச் சொல்லும்.
பெயரை அவள்தான் வைத்தாள்: வெலி.
எங்கள் மொழியில்
இரண்டுக்கும் நடுவே விட்டிருக்கிற இடம்.

முதலில் வெலி ஏறியது.
பிறகு நாங்கள், எந்த வரிசையிலும்.

மார்ச் முழுதும் பனியை உடைத்துக்கொண்டு திரிந்தோம்.
உலோகம் கத்தும்போது பேச்சு கேட்காது;
விரல்களால் எண் காட்டிக்கொள்வோம்.

ஏப்ரலில் சோய்லி வாசா நகரத்துக்கு மாற்றலாகிப் போனாள்.
ரொட்டித் துணுக்குகள் விசைப்பலகையில் இருந்தன.
புதுக் கெர்னலுக்காக எல்லாவற்றையும் இறக்கச் சொன்னார்கள்.
அவசரத்தில் நடுவிலிருந்து ஆரம்பித்துவிட்டேன்.

வெலி இறங்க மறுத்தது.
பயன்பாட்டில் இருக்கிறது என்றது.
எத்தனை பேர் என்று பட்டியலைப் பார்த்தேன்:
இரண்டு.
பக்கத்தில் எங்கள் இரண்டு மாட்யூல்களின் பெயர்,
நடுவில் ஒரு காற்புள்ளி.

வற்புறுத்தி இறக்க ஒரு வழி உண்டு.
அதை உபயோகிப்பவனைக் கப்பலில் ஏற்றக்கூடாது.

முதலில் என்னுடையதை இறக்கினேன். ஒன்று.
பிறகு அவளுடையதை.
பூஜ்யம் என்று காட்டிய பிறகும்
கொஞ்ச நேரம் அதை அப்படியே விட்டுவைத்தேன்,
ஹீட்டர் ஆறட்டும் என்று.